பள்ளி என்ற சொல் பிறந்த பாறைகள்



பொங்கல் விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். இரண்டு நாள் அவன் காரிலேயே மதுரையைச் சுற்றினோம். மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் உங்களுக்குத் தெரிந்தவை. அதனால் ஊருக்கு வெளியே நிற்கும் மலைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலேயே மணி அடித்த பிறகும் பேசுகிறவன்தானே நான்!

முதலில் போனது மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். ஒரு பக்கம் ஏறினால் செட்டிப்புடவு என்ற குகை. வாசலில் பாறையில் பெரிதாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளைப் பார்த்து ஊர் மக்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். வற்றாத சுனைக்கு மேலே வரிசையாகச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். எல்லாம் 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

அந்தக் கல்வெட்டுகளில் யார் பெயர் இருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் ஆசிரியர்களும் மாணவர்களும்தான். அச்சணந்தி என்ற சமண ஆசிரியரின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்திருக்கிறார். குணசேனதேவர் என்ற ஆசிரியரின் மாணவர் இன்னொன்றைச் செய்வித்திருக்கிறார். மாணவர் என்பதற்கு அங்கே 'சட்டன்' என்ற சொல் வருகிறது. படித்ததும் எனக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான் நினைவுக்கு வந்தார். பாறையில் பெயர் வெட்டும் அளவுக்கு ஆசிரியரை மதித்த மாணவர்கள்! (என் மாணவர்கள் பெஞ்சில் என் பட்டப்பெயரை வெட்டினார்கள். யாரென்றும் தெரியும். அவர் இப்போது பெரிய அதிகாரி.)

அன்று மாலை ஒத்தக்கடை யானைமலை. அதன் நரசிங்கர் குடைவரையை வெட்டுவித்தவர் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி. ஆண்டு 770. வேலை முழுதாக முடியும் முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் அமைச்சராகி முகமண்டபம் எடுத்து முடித்தார். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த கதையைக் காரில் சொன்னதும், பின் சீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பேரனும் பேத்தியும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும்.

மறுநாள் போனது மாங்குளம். மேலூர்ச் சாலையிலிருந்து பிரிந்து மீனாட்சிபுரம் சென்று மலை ஏற வேண்டும். மேலே இயற்கையான குகைகள். தரையில் மனிதன் படுக்கும் அளவுக்கு வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள். பேத்தி ஒன்றில் படுத்துப் பார்த்துவிட்டு, "தலையணை கூட இருக்கு தாத்தா" என்றாள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி விட்டிருக்கிறார்கள். துறவிகளுக்கு அரசர் வீட்டார் செய்த உபசாரம் அது.

குகை முகப்பில் தமிழ்ப் பிராமி எழுத்துகள். இராபர்ட் சீவெல் 1882இல் கண்டவை. அந்த எழுத்தில் இருக்கும் மொழி தமிழ்தான் என்று 1924இல் நிறுவியவர் கே.வி. சுப்ரமணிய ஐயர். சங்க நூல்களில் நாம் படித்த நெடுஞ்செழியன் என்ற பெயர் இங்கே இருப்பதைப் படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று அவர் கணித்தார். நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி, கணி நந்தன் என்ற துறவிக்கு இதை வெட்டிக் கொடுத்திருக்கிறார். வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் கொடுத்திருக்கிறது. கொடுத்த பொருளின் பெயர்தான் முக்கியம்: 'பளி'. அந்தக் காலத்து எழுத்தில் மெய்யை இரட்டித்து எழுதும் வழக்கம் உறுதிப்படவில்லை. என் வகுப்பாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். பளி என்றால் பள்ளி.

பள்ளி என்றால் படுக்கை. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள் என்று இன்றும் சொல்கிறோம். துறவி படுத்த இடம் பள்ளி ஆயிற்று. அவரிடம் பாடம் கேட்கப் பிள்ளைகள் வந்ததும் அந்த இடமே பாடசாலை ஆயிற்று என்பது என் எண்ணம். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போய் வந்த நான், அந்தச் சொல் எழுதப்பட்ட பாறையை இந்த வயதில்தான் தொட்டுப் பார்த்தேன்.

அங்கிருந்து அரிட்டாபட்டி. முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில், அதில் அபூர்வமான இலகுலீசர் சிற்பம். மலையின் மறுபக்கம் தீர்த்தங்கரர் சிற்பமும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும். லகர் வல்லூறு பறக்கும் மலை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடம். 2024 நவம்பரில் இந்தப் பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 5,000 ஏக்கர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. சுற்று வட்டார ஊர்கள் எல்லாம் திரண்டன. டிசம்பரில் சட்டமன்றத்தில் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23இல் ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

இந்த மலை தப்பித்தது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட குன்றுகள் தப்பிக்கவில்லை. அந்த முறைகேடுகளை விசாரிக்கத்தான் 2014இல் உயர் நீதிமன்றம் உ. சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்தது. சாலையோரம் சதுரம் சதுரமாக வெட்டிய பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அறுபட்ட பாறையில் எழுத்து இருந்ததா என்று இனி யார் பார்ப்பது?

அறுப்பவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இரண்டாயிரம் வருடக் கற்படுக்கையில் ஆணியால் கீறிய பெயர்களையும் பார்த்தேன். அம்பு விட்ட இதயங்கள், கல்லூரிப் பெயர்கள், தேதியோடு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை. நம்மில் ஒருவர் கற்றுக்கொடுத்த எழுத்து.

போக நினைப்பவர்களுக்கு: மாங்குளம் மலையில் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு பாறை சுடும். மேலே கடை கிடையாது. தண்ணீர் கொண்டு போங்கள், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள். எழுத்து தெரியவில்லை என்று பாறையில் சாக்பீஸ் தடவாதீர்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் தானாகவே தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் அரிட்டாபட்டிச் சிவன் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம். என் மனைவி அப்படித்தான் செய்தாள்.