சத்திரப்பட்டித் துணியின் கடைசி வேலை

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் விசைத்தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி. இழைக்கும் இழைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும்படி இடைவெளி விட்டு நெய்வார்கள். வேட்டிக்கு அது குறை. புண்ணுக்கோ அதுதான் வேண்டும். கசியும் நீர் மேலேற அந்த இடைவெளியே வழி.

தறியிலிருந்து இறங்கும்போது துணி பழுப்பாக இருக்கும், தண்ணீரையும் உறிஞ்சாது. பருத்தி இழைமேல் இயற்கையாகவே மெழுகு உண்டு; பாவுக்குப் போட்ட கஞ்சி வேறு. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச் செய்து, அலசிய பிறகுதான் அது மருத்துவத் துணி. மருந்துக்கடைப் பஞ்சையும் இப்படித்தான் பக்குவப்படுத்துகிறார்கள். தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது அதற்கான தர விதி. வெண்மையைப் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது மூழ்குகிறதா என்பதை.

அப்படிப்பட்ட துணி ஒன்று திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் லேத் பட்டறைக்கு வந்து சேர்கிறது. 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவே எழுதிவைத்தது. இரும்புச் சுருள் கையைக் கிழித்தால், சுத்தமான காஸ் துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் ஊறி வந்தால் எடுக்காதீர்கள். அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். எடுத்தால் உறையத் தொடங்கிய ரத்தமும் கூடவே வந்துவிடும்.

இதுவரை துணி நல்ல துணை. சிக்கல் கட்டு மாற்றும் நாளில். காய்ந்து ஒட்டிய துணியை வெடுக்கென்று பிய்த்தால், புதிதாக முளைத்த தோலும் சேர்ந்து பிய்யும். "அப்படித்தான் எரியும், பல்லைக் கடிச்சுக்கோப்பா" என்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத பேச்சு. அந்த வலி காயம் மறுபடி கிழிவதன் வலி. உப்புநீர் ஊற்றி ஊறவிட்டால் துணி தானாகக் கழன்று வரும்.

புண்ணைக் காற்றாட விட வேண்டும் என்ற நம்பிக்கையை 1962இல் ஜார்ஜ் வின்டர் அசைத்தார். பன்றிகளின் தோலில் அவர் செய்த ஆய்வில், பாலித்தீன் படலம் மூடி ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. சிராய்ப்புக்கும் தீப்புண்ணுக்கும் சோஃப்ரா டுல் போன்ற பாரஃபின் பூசிய வலையை முதலில் வைப்பது இதனால்தான்: அது ஒட்டாது. அதற்கு மேலே கசிவை உறிஞ்சச் சத்திரப்பட்டித் துணி. இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல கட்டு.

கழற்றிய துணி, 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, மருத்துவமனையில் மஞ்சள் பைக்குள் போய் எரிகிறது. பட்டறையில் மஞ்சள் பை ஏது? காகிதத்தில் சுற்றித் தனியாகக் கட்டி, இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையிலும் கீறல் இருக்கலாம்.