நூலின் உண்மையும் நூலின் ஆதாயமும்: கொச்சியில் உருவான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’

மருத்துவக் கட்டுரையாளர் தமக்குள்ள பொருளாதார நலன்களை வெளிப்படுத்த வேண்டுமென ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ கேட்கத் தொடங்கியது 1984இல். ஆயின் ஆய்வுக்கும் ஆதாயத்துக்குமான உறவு பழையது. அதனை விளங்கிக்கொள்ளக் கொச்சியிலேயே ஒரு சான்று உண்டு.

1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, மிளகு வணிகத்துக்காகவே இங்கு வந்தது. அதன் மலபார் ஆளுநரான ஹென்றிக் வான் ரீட் முன்னின்று உருவாக்கிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக இலத்தீனில் வெளிவந்தது. மலபாரின் 742 தாவரங்களை, அவற்றின் மருத்துவப் பயன்களுடன் அது விளக்குகிறது.

வான் ரீட்டைச் செலுத்தியது அறிவு வேட்கை மட்டுமன்று. கம்பெனியின் முதன்மைத் தளமாகக் கொழும்பே அமைய வேண்டுமென்பது ரைக்லோஃப் வான் கூன்ஸின் நிலைப்பாடு; வான் ரீட் கொச்சிக்காக வாதிட்டார். மலபாரின் வளத்தைப் பறைசாற்றும் நூல் அவ்வாதத்துக்குத் துணைநின்றது. உள்ளூர் மூலிகைகளை அறிவது கம்பெனியின் மருந்துச் செலவுக்கும் நன்மையே.

இந்நலன் மறைக்கப்படவில்லை. முகப்புப் பக்கமே வான் ரீட்டின் கம்பெனிப் பதவிகளைக் குறிக்கிறது. முதல் தொகுதியில் 1675ஆம் ஆண்டுச் சான்றுரைகளும் அச்சாகியுள்ளன. பரம்பரை மருத்துவரான இட்டி அச்சுதன், ஆளுநரின் ஆணைப்படி கொச்சிக் கோட்டைக்கு வந்து, தம் குடும்பச் சுவடியிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் சொன்னவற்றை மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கர்னேரோ எழுதிக்கொண்டதாகக் கோலெழுத்தில் சான்றளிக்கிறார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரின் சான்றுரையும் உண்டு. பங்களித்தோரைப் பெயர்சுட்டி ஏற்கும் இந்நேர்மை, அக்காலத்தில் அரிது.

ஆதாயம் கலந்ததால் நூல் பொய்யாகிவிடவில்லை. பின்னாளில் லின்னேயஸ் பல தாவரங்களுக்குப் பெயரிடுகையில் இதனையே சார்ந்து நின்றார். நலனின் செல்வாக்கை வேறிடத்தில் தேட வேண்டும்: எதை ஆராய்வது, எம்மொழியில் வெளியிடுவது, யார் கையில் சேர்ப்பது என்னும் முடிவுகளில். அறிவைத் தந்தவர் மலையாளத்தில் பேசினார். நூலோ ஐரோப்பியக் கற்றோரின் இலத்தீனில் அமைந்தது. கா. சு. மணிலாலின் பல்லாண்டு உழைப்பால் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் ஆங்கிலப் பதிப்பையும் 2008இல் மலையாளப் பதிப்பையும் வெளியிட்டது. இட்டி அச்சுதனின் சொற்கள் அவர்தம் மக்களின் மொழிக்குத் திரும்ப, முதல் தொகுதி வெளிவந்தபின் 330 ஆண்டுகள் ஆயின.

இன்றைய நலன் அறிவிப்புகள் ஆய்வாளர் யாரிடம் பணம் பெற்றார் என்பதைச் சொல்கின்றன. அது தேவையே. அவ்வினாவை ஆராயத் தேர்ந்தெடுத்தவர் யார், விடையால் பயன்பெறுபவர் யார் என்பவற்றை அப்படிவங்கள் கேட்பதில்லை. வரலாற்று மாணவர் கேட்டாக வேண்டும்.