மேரையும் தோலும்: தொண்டைநாட்டுப் பண்டமாற்றின் இருவகை

பண்டமாற்று என்னும் சொல், ஈராயிரம் ஆண்டுத் தமிழர் வாழ்வில் காசின்றி நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் அனைத்திற்கும் பொதுப்பெயராக வழங்கி வருகின்றது. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றதும் பண்டமாற்று. ஊர்த் தச்சன் கலப்பை செய்து கொடுத்துக் களத்தில் நெல் பெற்றதும் பண்டமாற்று. இரண்டிலும் காசு கைமாறவில்லை என்பது உண்மையே. ஆயினும், காசின்மை என்னும் ஒன்றே இவ்விரண்டையும் ஓரினமாக்கப் போதுமா என்பது ஆராய்தற்குரியது. வேலூருக்குத் தெற்கே அமைந்த பாகாயத்தையும் அதனைச் சூழ்ந்த பாலாற்றுப் பகுதியையும் நிலைக்களமாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய தோல் பதனிடும் ஊர்கள் இப்பகுதியில் அமைந்திருத்தலின், காசில்லா மாற்றின் ஒருவகை குலைந்த வரலாற்றை இங்கே தெளிவாகக் காணலாம்.

முதற்கண் சங்க இலக்கியச் சான்றுகளை நோக்குவோம். அம்மூவனார் பாடிய அகநானூற்று 140, 390-ஆம் பாட்டுகளில் உப்பு விற்கும் உமணமகள் உப்புக்கு நிகராக நெல்லைக் கேட்கின்றாள். பொருநராற்றுப்படை, தேனும் கிழங்கும் கொடுத்தவர் மீனெண்ணெயும் நறவும் பெற்றதைக் கூறுகின்றது. இவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு நெருங்கியது பெரும்பாணாற்றுப்படையாகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூல் தொண்டைநாட்டு வழியைக் காட்டுவது. பாகாயமும் அத்தொண்டைநாட்டின் பகுதியே. அந்நூலில் வரும் ஆய்மகள் மோரை விற்றுப் பெற்ற உணவால் சுற்றத்தை உண்பிக்கின்றாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொடுப்பினும் கொள்ளாள். எருமையும் நல்ல பசுவும் நாகுமே பெறுகின்றாள்.

இக்காட்சியினின்று அறியத்தக்கன இரண்டு. ஒன்று, காசும் பொன்னும் அறியாத மக்களின் வழக்கமே பண்டமாற்று என்னும் கொள்கை இங்குப் பொருந்தாது. உரோமானிய நாணயங்கள் தமிழகத்துள் வந்து பரவிய காலம் அது. ஆய்மகள் பொன்னை அறிந்தே மறுக்கின்றாள். மற்றொன்று, அவளுக்கு மறுக்கும் உரிமை இருந்தது. தான் கொடுப்பது இன்னது, பெற விரும்புவது இன்னது என்று துணிபவள் அவளே. கொடுத்தலும் பெறுதலும் ஒரே இடத்தில் நிகழ்ந்து முடிதலின், மறுநாள் அவள் வேறொரு மனைக்குச் செல்லத் தடையில்லை. இதனைத் தெருவழி மாற்று எனக் குறியீடு செய்து கொள்வோம்.

இனி, தோல்வினைஞரைப் பற்றி இலக்கியம் கூறுவதைக் காண்போம். புறநானூற்றின் 82-ஆம் பாட்டு, கட்டிலுக்கு வாரைப் பிணிக்கும் தொழிலாளியின் ஊசி செல்லும் விரைவைப் போரின் விரைவுக்கு உவமையாக்குகின்றது. அவனுடைய கைத்திறன் புலவரின் கண்ணிற் பட்டது. அவ்வேலைக்கு அவன் பெற்றது யாதென்பதை அப்பாட்டு கூறவில்லை. பண்டத்திற்குப் பண்டம் மாறியதை விரிவாகப் பாடிய இலக்கியத்தில், உழைப்பிற்குப் பண்டம் மாறிய முறை அத்துணை விளக்கம் பெறவில்லை. அதனை அறியக் கல்வெட்டுகளையும் பிற்காலக் கணக்குகளையும் நாடவேண்டும்.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும் ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல் வரையறுக்கப்பட்டது. அளக்கும் மரக்கால் இன்னதென்பதும் கல்வெட்டிலேயே குறிக்கப்பட்டது. இங்கு நெல் உணவாக மட்டுமன்றி ஊதியத்தின் அளவுகோலாகவும் நிற்கின்றது. கோயிற் பணியாளர்க்கு அவ்வளவு கல்லில் வெட்டப்பட்டு நிலைபெற்றது. ஊர்த்தொழிலாளர்க்கு அத்தகைய கல் இல்லை. அவர்க்கு வழக்கமே கல்லாயிற்று.

அவ்வழக்கம் ஏட்டில் ஏறியதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் காண்கின்றோம். செங்கற்பட்டுச் சீர்மையில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவையின்போது, ஊர்தோறும் விளைச்சலினின்று தொழிலாளர்க்கு ஒதுக்கப்பட்ட பங்குகள் பனையோலைக் கணக்குகளில் பதிவாயின. செங்கற்பட்டும் தொண்டைநாட்டைச் சேர்ந்ததே. தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், தோட்டி முதலிய ஊர்த்தொழிலாளர் களத்தில் பெற்ற இப்பங்கிற்கு மேரை என்பது பெயர். சிலர்க்கு மானிய நிலமும் உண்டு. கொடுப்பவர் பெறுபவர் என்னும் உறவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. இதனைக் களவழி மாற்று எனலாம்.

பாலாற்றுப் பகுதியின் வேளாண்மை ஏரியையும் கிணற்றையும் நம்பியது. மின்விசை வருமுன் கிணற்றுநீரை மேலேற்றியது எருது பூட்டிய கவலை. நீரை முகக்கும் சாலுக்கும் அதன் அடியில் தொங்கி நீரை வாய்க்காலில் விடும் குழாய்க்கும் தோல் வேண்டும். நுகத்திற்கு வார் வேண்டும். உழவனுக்குச் செருப்பு வேண்டும். தோல் கிழிந்தால் அன்றே தைத்தாக வேண்டும். தவறினால் பயிர் வாடும். இப்பணிகளை ஆண்டு முழுவதும் செய்தவர், பின்னாளில் அருந்ததியர் எனப் பெயர்பெற்ற சமுதாயத்தார் உள்ளிட்ட தோல்வினைஞர். அறுவடையின்போது களத்தில் பெறும் தவசமும், ஊரில் இறந்த மாட்டின் தோலும் அவர் பெற்ற மாற்றுப்பொருள்கள். ஆவாரம்பட்டையைக் கொண்டு அத்தோலைப் பதப்படுத்தி, அதனினின்றே உழவனுக்குரிய சாலையும் செருப்பையும் செய்து கொடுத்தனர். இறந்த மாட்டை அகற்றுவது அவர் கடமை. அதன் தோலைப் பெறுவது அவர் உரிமை. கடமையும் உரிமையும் ஒன்றோடொன்று பின்னி நின்றன.

இவ்விருவகை மாற்றையும் ஒப்பிடுவோம். தெருவழி மாற்று உடனே முடிவது; களவழி மாற்றில் உழைப்பு முன்னே செல்ல, பயன் அறுவடைக்காலத்தில் பின்னே வருவது. முன்னதில் இருவரும் அளவை ஒப்பி ஏற்பர். பின்னதில் மரக்கால் நிலமுடையார் கையில் இருந்தது. முன்னதில் மறுத்தல் இயலும். பின்னதில் பிறப்பே தொழிலை வரையறுத்து, சேரியே இருப்பிடமாக விதித்தமையின், மறுத்தவனுக்குச் செல்ல வேறிடம் அரிது. இத்துணை வேறுபாடுகளையும் பண்டமாற்று என்னும் ஒரு சொல் மறைத்து விடுகின்றது. கிராமங்கள் தன்னிறைவோடு இணங்கி வாழ்ந்தன என்று போற்றுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

களவழி மாற்றைக் காசு எவ்வாறு குலைத்தது என்பது அடுத்த வினா. 1792-இல் திருப்பத்தூரை உள்ளிட்ட பாராமகாலும், 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதியும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தன. நிலவரி காசாகக் கேட்கப்பட்டது. 1856 ஜூலை 1-இல் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை இரயில் ஓடியது. அப்பாதை பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆவாரம்பட்டையாற் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்தினின்று இலண்டன் சந்தைக்குப் பெருமளவிற் சென்றது. முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் படைக்குரிய காலணிகளுக்கு இத்தோலின் தேவை மிகுந்தது.

ஊர்க்கோடியில் உரித்த தோலுக்கு இவ்வாறு கடல்கடந்த விலை ஏற்பட்டது. விலையற்றது எனக் கருதித் தொழிலாளிக்கு விட்ட தோலை, விலை ஏறியபின் மாட்டுக்குரியவர் தமதெனக் கருதி வணிகரிடம் விற்கலாயினர். தொழிலாளியின் உரிமை சுருங்கியது. இறந்த மாட்டை அகற்றும் கடமையோ உடனே நீங்கிற்றிலது. தன் தொழிலுக்குரிய தோலையே காசு கொடுத்து வாங்கும் நிலைக்கு அவர் வந்தார். பின்னர் மின்விசைப் பொறிகள் பரவியபோது கவலையும் மறைந்தது. சால் தைத்துக் களத்தில் பங்கு பெறும் முறைக்கு இடமில்லாது போயிற்று.

காசு தீமையே செய்தது என்று கூறுதல் எம் கருத்தன்று. தோற்கூடத்திற் கூலி பெற்றவன் ஓரூரின் களத்தை மட்டும் நோக்கி நிற்கவேண்டியதில்லை, மற்றோரூர்க்குச் செல்லலாம். ஆய்மகளுக்கு இருந்த மறுக்கும் உரிமையின் ஒரு கூறு அவனுக்குக் காசின் வழியாகவே கிடைத்தது. ஆனால், சுண்ணாம்புக் குழிகளிற் பணிபுரியும் கடினம் அவனை விட்டு நீங்கவில்லை. பஞ்ச காலத்திற் பற்றிக்கொள்ள இருந்த சிறு பங்கும் அற்றது. பழைய கட்டு அறுந்தபோது அதனோடிருந்த காப்பும் அறுந்தது.

ஆதலின், ஒரு மாற்று நேரியதா என அறியக் காசு இருந்ததா இல்லையா என்று மட்டும் வினவுதல் போதாது. அளவை யார் வகுத்தார், வேண்டாவென மறுக்க யாருக்கு இயன்றது என்னும் இரண்டையும் வினவுதல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகளும் பாலாற்றங்கரையின் தோல்வினைஞரும் ஒரே தொண்டைநாட்டார். இருவரும் காசின்றி வாங்கினர். அவள் விலையை வகுத்தாள். அவருக்கு விலை வகுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை உளங்கொண்டு கல்வெட்டுகளையும் ஊர்க்கணக்குகளையும் மீண்டும் பயிலின், தமிழர் பொருளியல் வரலாற்றில் உழைத்தோர்க்குரிய இடம் விளக்கமுறும் என்பது எம் துணிபு.