ஐயாவின் மொறிஸ் மைனரும் 25 மைல் காட்டிய மீற்றரும்



போன கிழமை லண்டனிலிருந்து பழைய மாணவர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் வாங்கித் திருத்தி வைத்திருக்கும் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார். கூடவே ஒரு கேள்வி: "சேர், ஸ்பீடோமீற்றர் 60 மைல் காட்டேக்கை போனிலை 65 காட்டுது. மீற்றரைக் கழற்றித் திருத்தக் குடுக்கட்டோ?"

இரண்டு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி ஐம்பது வருடத்துக்கு முன்னர் எங்கள் வீட்டில் ஒருவரைக் கள்ளன் ஆக்கப் பார்த்த கேள்வி. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சரித்திரம். இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் மணிக்கு 20 மைல் என்று வேக எல்லை வைத்தது. எல்லை வைத்தால் அதை அளக்க ஒரு கருவி வேண்டும் அல்லவா? அதற்கு முந்திய வருடமே, 1902இல், ஸ்ட்ராஸ்பேர்க் நகரைச் சேர்ந்த ஒட்டோ ஷுல்ட்சே என்பவர் காந்த வேகமானிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஒரு கேபிள் காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். சுழலும் காந்தம் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும். ஒரு மெல்லிய கம்பிச்சுருள் அதைப் பிடித்து நிறுத்தும். கிண்ணத்தோடு சேர்ந்து ஊசி நகரும். மைல் எண்ணும் சில்லுகளை அதே கேபிள் பல்சக்கரங்கள் வழியாகத் திருப்பும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கருவிக்கு வீதியும் தெரியாது, மைலும் தெரியாது. கேபிள் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டுமே தெரியும்.

ஆரம்ப காலத்தில் பல கார்களில் கேபிளை முன் சக்கரத்திலிருந்தே ஓட்டினார்கள். அங்கே சேறும் கல்லும் படும். சக்கரம் திரும்பும்போது கேபிளும் வளையும். ஆகவே பின்னர் கியர்பொக்ஸின் பின்பக்கத்திலிருந்து ஓட்டத் தொடங்கினார்கள். வேலை சுத்தமாயிற்று. ஆனால் புதிய சிக்கல் ஒன்றும் வந்தது. கியர்பொக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பின் அக்சில் இருக்கிறது. சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பொக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை அக்சிலுக்குள் இருக்கும் பற்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. இதுவே அக்சில் விகிதம்.

மொறிஸ் மைனர் இதற்கு நல்ல உதாரணம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948இல் வெளிவந்தது. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனியாக இணைந்தபின், ஒஸ்ரின் ஏ30 காரின் 803 சீசீ எஞ்சினை மைனருக்குள் வைத்தார்கள். சிறிய எஞ்சின், இழுவை போதாது. ஆகவே அதற்கு 8 பல்லும் 43 பல்லும் கொண்ட அக்சில் கொடுத்தார்கள், விகிதம் 5.375. 1956இல் 948 சீசீ எஞ்சின் வந்தது. வலு கூடியதால் 9க்கு 41 பல் போதுமாயிற்று, விகிதம் 4.555. 1962இல் 1098 சீசீ எஞ்சினோடு 9க்கு 38 ஆயிற்று, விகிதம் 4.222. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மைனர். உள்ளே கணக்கு வேறு.

சக்கரம் ஒரு மைலுக்கு 850 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.555 அக்சிலில் தண்டு சுமார் 3872 முறை சுற்றும். 5.375 அக்சிலில் சுமார் 4569 முறை. ஓடியது அதே மைல்தான்.

இதைச் சமாளிக்க இரு நாட்டார் இரு வழி பிடித்தார்கள். அமெரிக்கக் கார்களில் ஒரு மைலுக்கு 1000 சுற்று என்ற பொது அளவுக்கே பெரும்பாலும் மீற்றரைச் செய்தார்கள். அக்சில் மாறினால் கியர்பொக்ஸில் கேபிளை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தை மாற்றுவார்கள். ஒரு பல் கூட்டியோ குறைத்தோ கணக்கைச் சரிசெய்யலாம். இங்கிலாந்தில் ஸ்மித்ஸ் கம்பனி பெரும்பாலும் மீற்றரையே அந்தந்தக் காருக்கு ஏற்றபடி செய்தது. ஒரு மைலுக்கு எத்தனை சுற்றுக்கு அது செய்யப்பட்டது என்ற எண்ணை முகப்பிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டது. பார்த்தவர்கள் பலர் அதை ஏதோ பாகத்தின் நம்பர் என்று நினைத்துக் கடந்து போயிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் கடந்து போனோம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. எழுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம். புதுக் கார் வராது, பாகம் கிடைக்காது. ஐயா யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடிய 948 சீசீ மைனரின் பின் அக்சில் உடைந்துபோயிற்று. கராஜில், கழித்துப் போட்ட ஒரு 803 சீசீ காரின் அக்சிலை எடுத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். அளவு பொருந்தியது, கார் ஓடியது. "முந்தியைவிட நல்லா இழுக்குது" என்று ஐயாவுக்குச் சந்தோசம். பெற்றோல் கூடக் குடிக்கிறது என்பது மட்டும் சின்னக் குறை.

சில மாதங்களின் பின் ஒரு குடும்பத்தைப் பருத்தித்துறைக்கு ஏற்றிப் போனார். மைல்கல் கணக்கில் ஏறக்குறைய 21 மைல். மைனரில் மீற்றர் டாஷ்போர்ட்டின் நடுவில் இருக்கும், எல்லோரும் பார்க்கலாம். அது 25 காட்டியது. இறங்கியவர் சனத்துக்கு முன்னால், "மைல்கல் ஒண்டு சொல்லுது, உம்மடை மீற்றர் வேறை சொல்லுது. கள்ள மீற்றர் வைச்சுப் பிழைக்கிறீரோ?" என்று கேட்டிருக்கிறார். ஐயா ஒன்றும் பேசாமல் 4 மைல் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிரவு நானும் கேட்டேன். அப்போது நான் படிப்பிக்கத் தொடங்கி இரண்டாம் வருடம். "ஐயா, மீற்றரிலை கை வைச்சனீங்களோ?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணாடியைத் துடைச்சதுக்கு மேலை தொட்டதில்லை, தம்பி" என்றார். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

இரண்டு கிழமை கழித்து ஒன்பதாம் வகுப்பில் விகிதம் படிப்பிக்க, கரும்பலகையில் இரண்டு பல்சக்கரம் கீறினேன். கீறிய கை அப்படியே நின்றது. பின்னேரம் மெக்கானிக்கைக் கூட்டி வந்து, இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, தண்டில் சோக்கால் ஒரு கோடு போட்டோம். இரு சக்கரத்தையும் ஒன்றாகத் திருப்பினோம். சக்கரம் 8 சுற்று முடிக்கத் தண்டு 43 சுற்று. மீற்றரோ 9க்கு 41 அக்சிலுக்குச் செய்தது. 5.375ஐ 4.555ஆல் பிரித்தால் 1.18. 21ஐ 1.18ஆல் பெருக்கினால் 24.8. அந்த 25 மைல் அங்கேதான் இருந்தது.

ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். பழி தீர்ந்தது என்று சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இது: "அப்ப, இவ்வளவு நாளும் சனத்திட்டைக் கூட வாங்கிப்போட்டனோ?"

வேறு மீற்றர் கிடைக்கவில்லை. நான் ஓர் அட்டையில் கணக்கெழுதிக் கொடுத்தேன்: மீற்றர் 10 காட்டினால் உண்மை 8½, 20க்கு 17, 25க்கு 21. ஐயா அதை மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டி, ஏறுபவர்களிடம் வாசிக்கச் சொல்லிவிட்டே காரை எடுப்பார். அந்த மாதங்களில் வந்த வாடிக்கைக்காரரை நினைவுபடுத்தி, அடுத்த ஹயரில் காசு குறைத்தார். கள்ளன் என்றவர் வீட்டுக்கு நானே போய் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார்; பிறகு எங்கள் காரை ஒருநாளும் கூப்பிடவில்லை. நானோ ஐயாவிடம் நேரே மன்னிப்புக் கேட்கவில்லை. அட்டையை எழுதிக் கொடுத்ததோடு நின்றுவிட்டேன். அது இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

இனி லண்டன் பிள்ளைக்கு. ஊசி மட்டும் பிழை, மைல் எண்ணிக்கை சரி என்றால் மீற்றருக்குள்ளே காந்தத்தையோ கம்பிச்சுருளையோ சந்தேகி. இரண்டும் ஒரே அளவு பிழை என்றால் அக்சிலைப் பார், ரயரைப் பார். நான் கேட்டபோது நீ சொன்னாய், முன்னைய சொந்தக்காரர் 1098 சீசீ காரின் அக்சிலைப் பூட்டியிருக்கிறார் என்று. 4.555ஐ 4.222ஆல் பிரி: 1.079. ஆகவே ஊசி 60 காட்டும்போது கார் ஓடுவது ஏறக்குறைய 65. ஐயாவின் மீற்றர் கூட்டிக் காட்டியது. உன்னுடையது குறைத்துக் காட்டுகிறது. 30 மைல் எல்லையில் நீ 32க்கு மேலே ஓடிக்கொண்டிருப்பாய், கவனம்.

சரிபார்க்க, கேபிளை மீற்றரிலிருந்து கழற்றி, உள்கம்பியில் ஒரு கடதாசித் துண்டைக் குத்து. காரை நேராகத் தள்ளி, பின் சக்கரம் 6 சுற்றுச் சுற்றும்வரை உள்கம்பி எத்தனை சுற்று என்று எண்ணு. சக்கர நடுவிலிருந்து நிலம்வரை அங்குலத்தில் அள. சுற்றை 1680ஆல் பெருக்கி அந்த அங்குலத்தால் பிரித்தால், உன் காருக்கு ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று வரும். முகப்பில் இருக்கும் பொடி எண்ணோடு ஒப்பிட்டுப் பார். வித்தியாசம் இருந்தால், புதிய எண்ணுக்கு மீற்றரைத் திருத்தித் தரும் ஆட்களிடம் கொடுக்கலாம். அதுவரை ஓர் அட்டை எழுதி ஒட்டு.

1680 எங்கிருந்து வந்தது? அது மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை. ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். விடையைக் கீழே எழுதுங்கள். வழியும் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு மாஸ்டர்