சித்திரகாரரின் கைப்பெட்டி



தைலவர்ண ஓவியம் என்றவுடன் விசாலமான மண்டபமும், உயர்ந்த சட்டமும், மாதக்கணக்காகத் தீட்டப்பெறும் அரசர் உருவமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இரவிவர்மாவின் படங்கள் அச்சேறி நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்தமையால் உண்டான நினைவு அது. ஆனால் அதே தைலவர்ணம் வயல் வரம்பிலும் கடற்கரையிலும் போய் அமர்ந்த வரலாறும் உண்டு. அவ்வரலாற்றின் நாயகன் ஒரு சிறு மரப்பெட்டி.

முற்காலத்தில் நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பர். குத்திப் பிழிந்த பின்னர் துளையை அடைப்பது அரிது. பை வெடித்தால் உடுத்த துணியும் பாழ். இத்தகைய இடர்களுக்கிடையிலேதான் ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள், பெட்டியை மடியில் வைத்து, மூடியின் உட்புறத்திற் காகிதத்தைக் குத்தி, வெளியிடங்களில் சிறு படங்களைத் தீட்டினார். ஹாம்ஸ்டெட் மேட்டில் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் அவர் வரைந்த முகில்கள் புகழ்பெற்றவை. 1841 இல் லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் ஜோன் ராண்ட், பிதுக்கக்கூடிய தகரக் குழாய்க்கு உரிமை பெற்றார். அதன் பின்னரே பெட்டிக்கு நல்ல காலம் பிறந்தது.

பெட்டியின் அமைப்பைச் சொல்கிறேன். மூடியைத் திறந்தால் அது சாய்ந்து நின்று சட்டமாகிவிடும். அடியிற் குழாய்களும் தூரிகைகளும். அவற்றின்மேல் வர்ணம் குழைக்கும் பலகை. தைலவர்ணம் உலரப் பல நாள் செல்லுமாதலால், ஈரப் படத்தை வீடு சேர்ப்பதே பெரும்பாடு. இதற்காக மூடியின் உட்புறத்தில் தவாளிப்புகள் வெட்டி, ஒன்றையொன்று தொடாவண்ணம் பலகைகளைச் செருகி வைப்பர். இதுவே இப்பெட்டியின் உண்மையான சாதுரியம் என்பது என் துணிபு. கனடா நாட்டு ஓவியர் டொம் தொம்சன் 1917 இல் இறக்கும்வரை, ஏறக்குறைய எட்டரை அங்குலத்துக்குப் பத்தரை அங்குலப் பலகைகளோடு அல்கொன்குயின் வனத்து ஏரிகளில் தோணியிற் சென்று தீட்டினார். தோணியும் ஏரியும் என்றால் மட்டக்களப்பாருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கும் இத்தகைய ஒருவர் வந்தார். மரியான் நோர்த் என்னும் ஆங்கில மாது, 1876–77 இல் இலங்கையில் தங்கி, நம் மரஞ்செடிகளைக் காகிதத்தில் தைலவர்ணத்தால் தீட்டினார். களுத்துறையில் அவரை வரவேற்றவர் ஜூலியா மார்கரெட் கமரோன் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். விருந்தளித்தவருக்கோ கண்ணாடித் தகடுகளும் இருட்டறையும் வேண்டும். அவர் படத்தில் நிறமும் இல்லை. விருந்தாளியோ குழாய்களை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்துவிடுவார். அவருடைய எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் 1882 இல் திறக்கப்பெற்ற கியூ தோட்டக் கூடத்தில் உள்ளன. நம் மரங்களைக் காண நாம் லண்டன் செல்லவேண்டியிருப்பது சற்று வேடிக்கையே.

சுற்றாடலைப் பார்த்து வரையும் முறையைப் பாடசாலைகளில் ஊக்குவித்தவர், சித்திரப் பரிசோதகராய் விளங்கிய வின்சர். அவர் பெயரால் எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக் கழகம் தோற்றுவித்தார்.

வாகரைக்கு வருவோம். பனிச்சங்கேணிக் களப்பின் மாலை நிறத்தை நீர்வர்ணம் தாங்காது என்பது என் எண்ணம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் போரினால் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அந்நாட்களில் வீட்டுப் படங்களும் பத்திரங்களும் போயின. பழைய முற்றம் எவ்வாறிருந்தது என்று பிள்ளை கேட்டால், தாய் கையால் காற்றிற் கோடு போட்டுக் காட்டுகிறாள். பிள்ளைகள் இன்று காணும் கரையையாவது பலகையில் தீட்டி வைப்பார்களானால், நாளை அந்தக் கை வெறுங்காற்றில் அலையவேண்டியதில்லை.

விலைகொடுத்து அந்நியப் பெட்டி வாங்க வேண்டா. ஊர்த் தச்சரே செய்வார். முதிரை பாரம், தோளிற் சுமக்க இலேசான மரமே தகும். அளவு ஓர் அப்பியாசக் கொப்பியளவு போதும். கச்சான் வீசும் பகற்பொழுதில் மணல் வந்து வர்ணத்தில் ஒட்டுமாதலால் காலைப்பொழுதே நன்று. பிணைச்சல் மாத்திரம் பித்தளையாயிருக்கட்டும். இரும்பு எங்கள் உப்புக்காற்றில் ஒரு மாரிக்குள் துருவேறிவிடும்.