சோதனைக் கட்டிகளின் நீராற்றல்: ஒப்பீட்டு முறையிலிருந்து முதிர்ச்சிக் கணக்கு வரை

கான்கிரீட்டின் வலிமையை அறிய வார்க்கும் கட்டிகளை எப்படி நீராற்றுவது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இரண்டு கலவைகளை நியாயமாக ஒப்பிட வேண்டும் என்ற நோக்கமே இதில் முன்னின்றது. கட்டடத்தில் கிடக்கும் கான்கிரீட் இன்றைக்கு எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி. ஒரே கட்டியால் இரண்டுக்கும் விடை சொல்ல முடியாது என்பதைக் கட்டுமானத் துறை பல உயிர்களை இழந்த பிறகே உரிய கவனத்துடன் எடுத்துக்கொண்டது.

1918-இல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் நீர்-சிமெண்ட் விகித விதியை வெளியிட்டார். அத்தகைய விதி நிலைக்க வேண்டுமானால் கட்டிகளுக்குக் கிடைக்கும் ஈரம், வெப்பம், வயது மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். ஈரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை 1947-இல் டி. சி. பவர்ஸ் விளக்கினார்: கான்கிரீட்டின் உள்ளே ஒப்பு ஈரப்பதம் சுமார் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், சிமெண்டும் நீரும் வினைபுரிவது ஏறக்குறைய நின்றுவிடும்.

வெப்பநிலையில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. ஐரோப்பா 20 பாகை செல்சியஸையும், அமெரிக்கா 23-ஐயும், வெப்ப நாடான இந்தியா 27-ஐயும் கொண்டன. 1959-இல் வந்த ஐ.எஸ். 516 என்ற இந்திய நெறி, ஆய்வகக் கட்டிகளை முதல் 24 மணி நேரம் 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரக்காற்றில் வைக்கச் சொன்னது. பிறகு அச்சைக் கழற்றி, நல்ல நீரிலோ தெவிட்டிய சுண்ணாம்புக் கரைசலிலோ மூழ்க வைக்க வேண்டும்; ஏழு நாளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். வெளியே எடுத்த கட்டியை ஈரம் காயுமுன் நசுக்கிப் பார்த்துவிட வேண்டும். உலர்ந்த கட்டி உள்ளதைவிடக் கூடுதல் வலிமை காட்டும்.

பணியிடத்தில் வார்க்கும் கட்டிகளுக்கு அதே நெறி, ஈரச் சாக்கின் கீழ் ஒரு நாள், 22 முதல் 32 பாகைக்குள் என்றது. என் பார்வையில் முறை முழுவதிலும் எளிதில் முறியும் கண்ணி இதுதான். சென்னையின் மே மாத வெயிலில், திறந்த தளத்தில் சாக்கு எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? தொடக்கத்தில் சூடேறிய கான்கிரீட் சீக்கிரம் வலுப்பெற்றாலும், 28 நாள் வலிமையில் பின்தங்கும் என்று 1958-இல் பால் கிளீகர் காட்டினார். ஏழாம் நாள் முடிவு நன்றாக இருக்கிறது என்று நம்பிய பொறியாளரை 28-ஆம் நாள் முடிவு கைவிடுவதற்கு அந்த முதல் நாள் வெயிலும் காரணமாகலாம்.

28 நாள் காத்திருக்க முடியாத அவசரத்துக்கும் வழி பிறந்தது. 1978-இன் ஐ.எஸ். 9013 முறைகளில் ஒன்றில், 23 மணி நேரம் ஈரக்காற்றில் இருந்த கட்டியை அச்சோடு மூன்றரை மணி நேரம் கொதிநீரில் இட்டு, இரண்டு மணி நேரம் ஆறவைத்துச் சோதிப்பார்கள். 28 நாள் வலிமை அதிலிருந்து கணிக்கப்படுகிறது. ஆனால் இதுவும் கலவையைப் பற்றித்தான் பேசுகிறது.

கட்டடத்தைப் பற்றிய கேள்வியைக் கூர்மையாக்கியவை அமெரிக்காவில் நேர்ந்த இரண்டு விபத்துகள். 1973 மார்ச்சில் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து 14 தொழிலாளர்கள் இறந்தனர். முட்டுகளை முன்கூட்டியே பிரித்திருந்தார்கள். நான்கு நாள் வயதான தளக் கான்கிரீட் சராசரி 7 பாகைக் குளிரில் கிடந்திருந்தது. 1978 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில், முந்தைய நாள் வார்த்த கான்கிரீட் பாரம் தாங்காமல் குளிர்விப்புக் கோபுரம் சரிந்து 51 பேர் மாண்டனர். அங்கும் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே.

குளிரில் கான்கிரீட் எவ்வளவு வலுப்பெறும் என்பதற்கான கணக்கு ஏற்கெனவே இருந்தது. நர்ஸ் என்ற ஆய்வாளர் 1949-இலும் சால் என்பவர் 1951-இலும், நீராவியில் நீராற்றும் ஆய்வுகளில் முதிர்ச்சிக் கோட்பாட்டை உருவாக்கியிருந்தார்கள்: −10 பாகைக்கு மேல் உள்ள வெப்பநிலையை நேரத்தால் பெருக்கினால் முதிர்ச்சி. அதன்படி 7 பாகையில் நான்கு நாள் என்பது 20 பாகையில் சுமார் இரண்டேகால் நாளுக்குத்தான் சமம். விபத்து விசாரணைகளுக்குப் பின் இக்கோட்பாடு மீண்டும் ஆராயப்பட்டு, 1987-இல் ஏ.எஸ்.டி.எம். சி 1074 என்ற அமெரிக்க நெறியானது.

இந்தியாவிலும் ஐ.எஸ். 456, சென்ட்ரிங் பிரிப்பதற்குப் பார்க்க வேண்டிய வலிமையை, பணியிடத்துக்கு ஒத்த வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்த கான்கிரீட்டிலிருந்தே கணிக்கச் சொல்கிறது. அதற்கு, ஆய்வக நீர்த்தொட்டிக்குப் போகும் கட்டிகளோடு இன்னொரு தொகுதியையும் வார்த்துத் தளத்தின் பக்கத்திலேயே வைத்து, தளத்துக்கு ஊற்றும்போது மட்டும் அதற்கும் நீர் ஊற்ற வேண்டும்.