வெறுங்காலும் ஈரத்தரையும்

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலும், சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரை மணலிலும் அஸர் தொழுகைக்குப் பின் பந்துதைக்கும் சிறுவர்கள், எந்த நூலிலும் படியாத ஓர் உண்மையைத் தம் பாதங்களினாலேயே அறிந்திருக்கிறார்கள். தரை காய்ந்திருக்கும்போது வெறுங்காலுக்கு நிகரில்லை. கால்விரல்கள் பந்தின் போக்கை உணரும். உடல் நினைத்த இடத்தில் திரும்பும். வடகீழ்ப் பருவமழை பெய்து கார்த்திகையிலும் மார்கழியிலும் மைதானம் சேறாகிவிட்டால் அதே கால் வழுக்குகிறது. பந்தைத் துரத்தியவன் பந்துக்கு முன்பாகவே போய் விழுகிறான்.

விளையாட்டுப் பிள்ளைகளின் இந்தச் சிறிய அனுபவத்தை வைத்து ஒரு பெரிய வரலாற்றையே விளக்கிவிடலாம். வங்கநாட்டின் தலைநகராகிய கல்கத்தாவிலே, சப்பாத்தணிந்த ஆங்கிலப் பட்டாளங்களை வெறுங்கால் இளைஞர்கள் எதிர்த்து நின்ற வரலாறு அது.

உதைபந்தாட்டம் வங்காளிகளிடையே கல்விக்கூடங்களின் வழியாகவே பரவியது. 1877 ஆம் ஆண்டளவில் நாகேந்திரபிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவன் ஆங்கிலேயர் ஆடிய பந்தைக் கண்டு ஆசைகொண்டு, தான் பயின்ற ஹேர் பாடசாலையிலே தோழர்களைச் சேர்த்து ஆடத் தொடங்கினான் என்பர். பக்கத்திலிருந்த பிரெசிடென்சிக் கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் அவர்களுக்கு ஆட்டத்தின் விதிகளைக் கற்றுக் கொடுத்தார். பின்னர் கல்லூரிதோறும் அணிகள் தோன்றின. கல்லூரியை விட்டு வெளியேறிய இளைஞர்கள் கழகங்களை அமைத்தனர். 1889 இல் அமைந்த மோகன் பகான் கழகம் அவற்றுள் ஒன்று. வங்காளி உடல்வலிமை அற்றவன், போருக்கு உதவாதவன் என்று மெக்காலே பிரபு எழுதிவைத்த காலம் கழிந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆயினும் அந்தச் சொல் எரிந்துகொண்டே இருந்தது.

1892 இல் சோவாபஜார் என்னும் கழகம், டிரேட்ஸ் கிண்ணப் போட்டியில் கிழக்கு சரே படைப்பிரிவை வென்றது. அடுத்த ஆண்டு ஐ.எப்.ஏ. கேடயப் போட்டி தொடங்கிற்று. பிரித்தானியப் படைப்பிரிவுகளே அந்தக் கேடயத்தைப் பெரும்பாலும் தமக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தன. இந்தியர் அதைத் தொடுவார்கள் என்று எவரும் எண்ணவில்லை.

மோகன் பகானின் செயலாளராயிருந்த சைலேன் போஸ் படையிலே சுபேதார் மேஜராகப் பணிபுரிந்தவர். பட்டாளத்தானை வெல்ல வேண்டுமாயின் பட்டாளத்தான் பெறும் பயிற்சியைத் தாமும் பெற வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. ஓட்டமும் உடற்பயிற்சியும் அந்தக் கழகத்திலே கட்டாயமாயின. அக்காலத்துக் கழகங்களில் இது புதுமை. 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிரேட்ஸ் கிண்ணத்தை அக்கழகம் வென்றது இந்தப் பயிற்சியின் பயனே எனலாம்.

1911 ஆம் ஆண்டின் அணியைப் பார்த்தால் அது பட்டாளத்தோடு மோதப் போகும் அணியாகத் தோன்றாது. நடுமுன்வரிசையில் ஆடிய அபிலாஷ் கோஷ் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி மாணவர். பின்வரிசையில் நின்ற சுதிர் சாட்டர்ஜி கல்லூரி ஆசிரியர். பதினொருவரில் சப்பாத்தணிந்து ஆடியவர் அவர் ஒருவரே. மற்றவர்களுள் பலர் அலுவலகங்களிலே சிறிய உத்தியோகம் பார்த்தவர்கள். தலைவர் சிவதாஸ் பாதுரி இடதுபுற ஓரத்தில் ஆடினார். அவருடைய சகோதரர் விஜயதாஸ் அவருக்குப் பக்கத்தில். படைவீரருக்கோ வேளாவேளைக்கு உணவும், நாள்தோறும் பயிற்சியும், ஆட்டத்துக்கென்றே ஓய்வும் கிடைத்தன.

எடையிலும் உயரத்திலும் மோதினால் தோல்வி நிச்சயம். தோளால் இடித்துத் தள்ளுவதை அக்கால ஆட்டவிதி அனுமதித்தது. அதிலே படைவீரர் வல்லவர். பந்தை உயர்த்தி நெடுந்தூரம் அடித்து, அது விழும் இடத்திலே உடற்பலத்தால் வெல்லுவது அவர்களுடைய ஆட்டம். ஆதலால் பந்து மேலே எழாதபடி பார்த்துக்கொள்வதே வெறுங்காலர்களின் முதல் வேலையாயிற்று. தரையோடு தரையாக, ஒருவர் காலிலிருந்து அடுத்தவர் காலுக்குச் சிறிய தூரத்துக்கே பந்து சென்றது. இடிக்க வருபவன் வந்து சேரும்முன் பந்து அவ்விடத்தை விட்டுப் போயிருக்கும். அவன் காற்றை இடிப்பான். கனத்த சப்பாத்தோடு திரும்புகிறவனைவிட வெறுங்காலன் விரைவாகத் திரும்புவான் என்பது இதன் மறுபாதி. பாதுரி சகோதரர் இருவரும் முகச்சாயலில் ஒத்திருந்தமையால், ஆட்டத்தின் நடுவே இடம் மாறிக்கொண்டு, தம்மைக் காவல் காத்தவர்களை மயங்கச் செய்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கேடயப் போட்டி தொடங்கிற்று. முதற் சுற்றிலே புனித சவேரியார் கல்லூரி அணியை 3–0 என்று மோகன் பகான் வென்றது. அடுத்து ரேஞ்சர்ஸ் அணி 2–1 என்றும், ரைபிள் பிரிகேட் 1–0 என்றும் தோற்றன. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு ஆடிய முதல் ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது. மறுமுறை ஆடியபோது 3–0.

ஜூலை 29 ஆம் நாள், சனிக்கிழமை, இறுதி ஆட்டம். எதிரே நின்றது கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவு. ரயிலிலும் நீராவிப் படகிலும் வெளியூர் மக்கள் வந்து குவிந்தனர். 2 ரூபா அனுமதிச் சீட்டு 15 ரூபாவுக்கு விலைபோனதாகச் செய்தி. கூடிய மக்கள் அறுபதினாயிரத்துக்கு மேல் என்று அக்காலத்தார் மதிப்பிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆட்டத்தைக் கண்ணால் காணவில்லை என்பது வேடிக்கை. நிலவரத்தை அறிவிக்கக் காற்றாடிகள் பறக்கவிடப்பட்டன. பின்னால் நின்றவர்கள் வானத்தைப் பார்த்தே மகிழ்ந்தும் வருந்தியும் நின்றனர்.

முதற்பாதியில் எவரும் கோல் போடவில்லை. இரண்டாம் பாதியில் கோலுக்கு அண்மையில் கிடைத்த தனியடியை ஜாக்சன் என்ற படைவீரர் வலைக்குள் செலுத்தினார். இதுவரை பலமுறை நடந்ததே இன்றும் நடக்கிறது என்று பலர் எண்ணியிருப்பர். சிறிது நேரத்தில் சிவதாஸ் பாதுரி தாமே பந்தை எடுத்துச் சென்று சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அவர் மறுபடியும் இடதுபுறமாக ஊடுருவினார். காவலர் யாவரும் அவரையே நோக்கி ஓடினர். அவர் அடிக்கவில்லை, நடுவிலே தனியாக நின்ற அபிலாஷிடம் பந்தைத் தள்ளிவிட்டார். கல்லூரி மாணவரின் கால் அந்த வேலையை முடித்தது. 2–1.

அந்த வெற்றியைக் கொண்டாடியவர்கள் இந்துக்கள் மட்டுமல்லர். கல்கத்தாவில் வெளிவந்த 'முசல்மான்' பத்திரிகை, முஸ்லிம் விளையாட்டு இளைஞர்கள் தம் இந்துச் சகோதரரின் வெற்றியைக் கேட்டு மகிழ்ச்சியால் தரையிலே புரண்டார்கள் என்று எழுதிற்று. வங்கப் பிரிவினையின் கசப்பு நிறைந்திருந்த ஆண்டுகளில் வெளிவந்த செய்தி இது. அதே ஆண்டு டிசெம்பரில் பிரிவினை நீக்கப்பட்டதையும் தலைநகர் டில்லிக்கு மாற்றப்பட்டதையும் இந்த ஆட்டத்தோடு முடிச்சுப் போடுவோரும் உளர். அது அன்பு மிகுதியால் எழுந்த பேச்சு. பேரரசுகள் ஒரு கோலுக்காகத் தலைநகரை மாற்றுவதில்லை.

அதைவிட ஆராயத்தக்க கேள்வி வேறொன்று உண்டு. இத்தனை சிறந்த உபாயத்தைக் கண்டறிந்த மோகன் பகான் மறுபடியும் அந்தக் கேடயத்தை வென்றது 1947 ஆம் ஆண்டிலேதான். வேறோர் இந்திய அணி அதை வெல்வதற்கும் 25 ஆண்டுகள் சென்றன. ஆர்வம் குறைந்ததா? இல்லை. கல்கத்தாவில் கழகங்கள் பெருகின, வீரர்கள் பெருகினார்கள். ஆனால் அந்நகரின் உதைபந்தாட்டக் காலம் மழைக்காலம். மே மாதத்தில் தொடங்கி மழையோடு மழையாகவே நடந்து முடியும். தோற்பந்து நீரைக் குடித்துக் கனத்துப்போகும். அதை வெறுங்காலால் அடிப்பது வேதனை. சேற்றிலே திடீரென்று திரும்ப முயல்பவன் விழுவான். ஆணியடித்த சப்பாத்தோ சேற்றைப் பற்றி நிற்கும். ஆக, வெறுங்காலரின் பலம் முழுவதையும் வானம் ஒரு மணிநேரத்தில் பறித்துக்கொள்ளக் கூடியதாயிருந்தது. கேடயப் போட்டியிலே சில ஆட்டங்கள் நல்ல தரையில் அமைந்தால் போதும். லீக் போட்டி அப்படியன்று. பருவம் முழுவதும் ஆடி, புள்ளிகளைச் சேர்த்தே வெல்ல வேண்டும். 1898 இல் தொடங்கிய கல்கத்தா லீக்கை 1933 வரை ஓர் இந்திய அணியும் வெல்லாமைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தது முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். 1891 இல் நிறுவப்பட்ட அக்கழகம் நெடுங்காலம் பெயரளவிலேயே வாழ்ந்தது. 1930 களின் தொடக்கத்திலே செயலாளர் அஸீஸ் அதன் பொறுப்பை ஏற்றபின் நிலைமை மாறிற்று. கல்கத்தாவுக்குள்ளேயே ஆட்களைத் தேடுவதை அவர் விட்டார். பெங்களூரிலிருந்தும் வடபுலத்திலிருந்தும் திறமை மிக்க முஸ்லிம் இளைஞர்களை வருவித்தார். பந்தின் மாயாவி என்று பெயர்பெற்ற சமது, பாரூட்டத்தில் முதிர்ந்த அனுபவத்தோடு வந்து சேர்ந்தார். அவர்களுக்கு அஸீஸ் வைத்த ஒழுங்கு எளிமையானது: தரை காய்ந்திருந்தால் வெறுங்கால், மழை பெய்தால் சப்பாத்து. அதுவும் படைவீரரின் கனத்த சப்பாத்தன்று, பாரமில்லாத சப்பாத்து.

கேட்பதற்கு இது மிகச் சாதாரணமாகவே இருக்கிறது. ஆனால் சிறு வயது முதல் வெறுங்காலோடு ஆடிய ஒருவனுக்குச் சப்பாத்தோடு பந்தை அடக்குவது புதிதாக நடை பழகுவதைப் போன்றது. அதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு நாட்கள் வேண்டும். வெறுங்காலே நமது அடையாளம், சப்பாத்து அந்நியனுடையது என்ற பெருமித உணர்ச்சியும் அன்று குறுக்கே நின்றது. 1911 இன் வெற்றியே அந்த உணர்ச்சியைத் தடிப்பாக்கிவிட்டது என்பதையும் மறைக்க இயலாது. அஸீஸ் உணர்ச்சியைப் பாராமல் தரையைப் பார்த்தார்.

1931 முதல் 1933 வரை லீக் வெற்றியாளராயிருந்தது டர்ஹம் காலாட்படை. 1934 இல் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்ட முகம்மதன் ஸ்போர்ட்டிங், ஏறிய அந்த ஆண்டிலேயே லீக்கை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள். நடுவே 1936 இல் ஐ.எப்.ஏ. கேடயமும் வந்து சேர்ந்தது. அவ்வணியின் புகழ் வங்கத்தோடு நிற்கவில்லை. இந்தியாவெங்கும் முஸ்லிம் இளைஞர்கள் ஊர்தோறும் அணிகளை அமைக்க முற்பட்டனர். பெங்களூர் முஸ்லிம்கள் என்னும் அணி 1937 இலும் 1938 இலும் பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தைக் கைப்பற்றிற்று. 1940 இல் டில்லியில் நடந்த டூரண்ட் கிண்ண இறுதி ஆட்டத்திலே முகம்மதன் ஸ்போர்ட்டிங், அரச வார்விக்ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்றது. 1888 இல் தொடங்கிய அந்தக் கிண்ணம் இந்திய அணியொன்றின் கைக்கு வந்தது அதுவே முதல் முறை.

ஆயினும் ஒரு கழகம் கற்றதை நாடு கற்க நெடுநாள் சென்றது. 1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து ஆடியபோது, வீரரிற் பலர் வெறுங்காலோடே களமிறங்கினர். தலைவர் தாலிமெரன் ஆவ் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியிலே பயின்றவர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டி அடிகளும் வீணாயின. 2–1 என்று பிரான்ஸ் வென்றது. இங்கிலாந்து மக்கள் வெறுங்காலரை வியந்து பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு இந்தியருக்கு நன்மை செய்ததா என்பது ஐயத்துக்குரியது.

நான்கு ஆண்டுகளின் பின் ஹெல்சிங்கி. வடபுலக் குளிரிலே யூகோஸ்லாவியாவின் அணி 10 கோல்களைப் போட்டது. இந்தியாவுக்காக அஹமத் கான் ஒன்று போட்டார். அதன் பிறகே சப்பாத்து அணிந்து ஆடுவதை இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் கட்டாயமாக்கிற்று. முகம்மதன் ஸ்போர்ட்டிங் முதன்முதலாக லீக்கை வென்று அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹெல்சிங்கியில் அந்தத் தோல்வியை ஓரத்திலிருந்து பார்த்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் அவர். 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. அங்கே இந்திய வீரர்கள் யாவரும் சப்பாத்தணிந்திருந்தனர். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலே 4–2 என்று வென்றனர். நெவில் டி சூசா மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதியில் எதிர்ப்பட்டது அதே யூகோஸ்லாவியா. இந்தியா முதலில் கோல் போட்டு முந்திற்று. பின்னர் 4–1 என்று தோற்று, போட்டியிலே நான்காம் இடத்தைப் பெற்றது.